எட்டாவது பதிவில் ஒரு சொல்

தேர்வு நாள் காலை. பேருந்தில் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள் புவியறிவியல் ஆசிரியை பியோ சன்-ஓக். பக்கத்து இருக்கையில் அவளுடைய மூன்றாம் பிரிவு மாணவி பாங் தா-ஒன், காதில் இயர்போனோடு கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"பசிபிக் கடல் சூடேறி எல் நினோ வந்தா வியாபாரக் காத்து வலுக்கும்... வலுக்கும்..."

சன்-ஓக் அவள் தோளைத் தட்டினாள். "ஏய், வலுவிழக்கும்! யாரு இப்படிச் சொல்லிக்கொடுத்தா?"

"நீங்கதான் டீச்சர்." தா-ஒன் ஒரு இயர்போனைக் கழற்றி நீட்டினாள். "எட்டாவது பதிவு. நீங்களே கேளுங்க."

கேட்டாள். அவளுடைய குரலேதான். தெளிவாக, தயக்கமே இல்லாமல், "வலுக்கும்" என்றது. புத்தகத்தைப் புரட்ட நேரமில்லாத பிள்ளைகளுக்காக அவளே பேசிப் பதிவுசெய்த பன்னிரண்டு பாடங்களில் அது ஒன்று. ஐந்து பிரிவு மாணவர்களும் ஒரு மாதமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்றைய வினாத்தாளில் பதினேழாவது கேள்வியும் அதுதான்.

"டீச்சர், ஏன் முகம் இப்படிப் போயிடுச்சு? இது பரீட்சையில வருதா?"

ஆமாம் என்று சொல்ல முடியாது. யாரிடமும் சொல்லாதே என்றால் கேள்வியைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதி தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

பள்ளிக்குள் நுழைந்தபோது மாணவர்களின் செல்போன்கள் எல்லாம் தேர்வுக்காகப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன; பதிவைத் திருத்தினாலும் இனி யாரும் கேட்க முடியாது. துணைத் தலைமையாசிரியர் மேங்கிடம் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள்.

"இப்போ ஒவ்வொரு வகுப்பா போய்ச் சொன்னா கேள்வியை வெளியில விட்ட மாதிரிதான். பேசாம இருங்கம்மா. புத்தகத்துல சரியாத்தானே இருக்கு?"

தேர்வு நேரம் முழுக்க அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒருமுறை சன்னல் வழியே பார்த்தபோது முதல் வரிசைப் பையன் பதினேழாவது கேள்வியில் சட்டென்று தப்பான விடையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

அன்று மாலையே விடைத்தாள்களைத் திருத்தினாள். நான்கு பிரிவுகளில் பாதிப் பேருக்கு மேல் தவறு. மூன்றாம் பிரிவில் மட்டும் இரண்டே பேர். பேருந்திலிருந்து இறங்கியதும் தா-ஒன் வகுப்பு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க வாயைத் திறக்காத வரைக்கும் இது யாருக்கும் தெரியப்போறதில்ல," என்றார் மேங், குரலைத் தாழ்த்தி.

"கேட்ட பிள்ளைங்களுக்குத் தெரியும் சார்."

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் எட்டாவது பதிவைப் போட்டுக் காட்டினாள். பேருந்தில் நடந்ததையும் சொன்னாள். தன் குரல் அந்த அறையில் ஒலித்தபோது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. பதினேழாவது கேள்வி ரத்து என்று முடிவானது. அதற்கான நான்கு மதிப்பெண்ணுக்கு எல்லாருக்கும் வேறொரு கேள்வி வைத்து மறுதேர்வு.

அதில் தா-ஒன் தவறாக எழுதினாள்.

பள்ளி விட்டதும் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்? நீங்க திருத்தினீங்க, அதைத்தானே மத்தவங்களுக்குச் சொன்னேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணல. தப்பு என்னோடது."

"உங்க தப்புக்கு என் மார்க் போச்சு. அம்மா கடையில பூண்டு உரிச்சுக்கிட்டே எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? புத்தகம் எடுத்தா கையெல்லாம் பூண்டு, அதான் கேட்டேன். புத்தகம் படிச்சவங்க கெட்டிக்காரங்க."

"என்னை மன்னிச்சிடும்மா."

தா-ஒன் தலைகுனிந்து வணங்கினாள், முறைக்காக. போய்விட்டாள்.

சன்-ஓக் எட்டாவது பாடத்தைத் திரும்பப் பதிவுசெய்தாள். பன்னிரண்டு நிமிடப் பாடத்துக்கு மூன்று மாலைகள் ஆயின. ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி, போட்டுக் கேட்டு, புத்தகத்தோடு ஒப்பிட்டு, சந்தேகம் தீராமல் இன்னொருமுறை கேட்டாள். பள்ளியின் இணையதளத்தில் ஏற்றிய பிறகும் நிம்மதியில்லை. யார் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்று காட்டும் பட்டியலை இடைவேளைக்கு இடைவேளை திறந்து பார்த்தாள்.

நான்காம் நாள் பாங் தா-ஒன் என்ற பெயர் இருந்தது. நாற்பது விநாடி கேட்டு நிறுத்தியிருந்தாள்.

கோபத்தில் நிறுத்தினாளா, கடைக்கு ஆள் வந்ததால் நிறுத்தினாளா? மணியடித்தது. சன்-ஓக் வகுப்புக்குக் கிளம்பினாள். பாதி வழியில் திரும்பி வந்து பட்டியலை இன்னொருமுறை பார்த்தாள். நாற்பதுதான்.