முப்பத்திரண்டு கிலோமீட்டர் காற்று

குளிர்காலம் என்று காலண்டர்தான் சொல்லும். அந்தக் கரையில் ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தவர் யாருமில்லை. வெயில் இதமாகக் காயும். கடல்நீர், குழந்தைகூட நடுங்காமல் இறங்கிக் குளிக்கிற பதத்தில் கிடக்கும். தொல்லையெல்லாம் காற்றுதான். வடகிழக்கிலிருந்து கிளம்பி வந்ததென்றால் நாலு நாள், ஐந்து நாள் ஓயாது. கடலைக் கலக்கிச் சேறாக்கும், தூண்டில்காரர்களை வீட்டில் உட்காரவைத்துப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வைக்கும். பிறகு ஒருநாள் விடியும்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அந்த இடைவெளியில்தான் தண்ணீர் தெளியும், பாறை மீனும் சீலாவும் கரையோரம் வந்து விளையாடும். குளிர்காலத் தூண்டில் என்றால் முதலில் அந்த இரண்டு நாளைப் பிடிக்க வேண்டும். மீனைப் பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்த இரண்டு நாள் எப்போது என்று ஊருக்குச் சொல்கிறவள் காத்தக்கா. கடற்கரைச் சாலையில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தாள். தினமும் காலை ஐந்தரைக்கு அலைத்தடுப்புக் கல்சுவரின் நுனிக்குப் போய், கையடக்கக் காற்றுமானியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள். கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு எடுப்பாள். ஆறு மணிக்குக் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, செல்போனில் பேசி, நானூறு பேர் இருக்கும் குழுவுக்கு அனுப்புவாள். "காத்து இருபத்தெட்டு. தண்ணி இருபத்திமூணு, கலங்கல். இன்னிக்கு ராடைத் தொடச்சு வச்சிட்டு வீட்டு வேலையப் பாருங்க." பதினோரு வருஷத்தில் ஒரு எண் தப்பியதில்லை. காத்தக்கா சொன்னால் சொன்னதுதான்.

அப்படிப்பட்டவள் இந்தக் குளிர்காலத்தில் பொய் சொல்ல ஆரம்பித்தாள்.

காரணம் வீட்டில் படுத்திருந்தது. அவள் கணவர், ஊருக்கெல்லாம் கேப்டன். வெளியூர்க்காரர்களைப் படகில் ஏற்றிப்போய்த் தூண்டில் போடவைத்துக் கூட்டிவருவது அவர் தொழில். மழை ஓயும் சமயத்தில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போனவர், ஸ்டியரிங் பிடித்த கையோடு நினைவு தப்பிச் சாய்ந்துவிட்டார். இதயத்தில் கோளாறு. வந்தவர்களில் ஒருவருக்குப் படகு ஓட்டத் தெரிந்திருந்தது, ஐந்து பேரும் கரை சேர்ந்தார்கள். இல்லையென்றால்? வேண்டாம், அதை நினைப்பானேன்! கோடை வரும்வரை கடல் இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னார். கேப்டன் அங்கே பூம் பூம் மாடாகத் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார்.

"காத்து பதினஞ்சுக்குக் கீழ இறங்கட்டும். அன்னிக்கு நான் போறேன். எவன் தடுக்கறான்னு பார்க்கறேன்."

சொன்னதைச் செய்கிற மனிதர். அவளுக்குப் பயமே அதுதான்.

காற்று நின்ற முதல் விடியலில் அவள் கல்சுவர் நுனியில் நின்றாள். காற்றுமானியின் சின்ன விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்தது. எட்டு. கடல் எண்ணெய் தடவிச் சீவிய தலையாகப் படிந்து கிடந்தது. எங்கோ தூரத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது, அந்தச் சத்தம் அவள் காதருகில் கேட்டது. வெளிச்சம் மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறங்கி, அடியில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகக் காட்டியது. அந்த அழகை அதற்கு மேல் பார்க்காமல் அவள் திரும்பி நடந்தாள். கடைக்கு வந்து செல்போனை எடுத்தாள்.

"காத்து முப்பத்திரண்டு," என்றாள். "யாரும் போகாதீங்க."

ஊர் என்ன முட்டாளா? வாசலில் ஓர் இலை ஆடவில்லை. ஏழு மணிக்கு, தூண்டில் நூல் சுற்றும் ரீலைப் பழுது பார்க்கிற ரீல்காரர், தூண்டில் முள் வாங்குகிற சாக்கில் வந்து நின்றார்.

"என்னக்கா, காத்து பேயா அடிக்குது போல?"

"ஆமா."

"என் தலைமுடியப் பாருங்க, எப்படிப் பறக்குதுன்னு."

அவருக்கு முழு வழுக்கை. அவள் சிரிக்கப்போய் அழுதுவிட்டாள்.

"அவரு கிளம்பிடுவாருப்பா. கிளம்பினா திரும்பி வர மாட்டாரு."

ரீல்காரர் முள் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "காத்து முப்பத்திரண்டுதான்க்கா. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

அன்றிலிருந்து ஊரே கமுக்கமாகிவிட்டது. இன்ஜின் சத்தம் கேப்டன் காதில் விழும் என்று படகுக்காரர்கள் படகை அவிழ்க்கவே இல்லை. மற்றவர்கள் பாறைமேல் நின்று பிடித்தார்கள். கேப்டனும் குழுவில் இருந்தாரே, அதனால் அங்கே ஒரு படம் வரவில்லை. இடுப்பு உயரச் சீலாவைப் பிடித்த ஒருவர் அதை யாரிடமும் சொல்ல முடியாமல் தூக்கம் கெட்டு அலைந்தார். தூண்டில்காரன் பிடித்த மீனைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருப்பதென்றால் சும்மாவா! கேப்டன் வீட்டைத் தாண்டும்போது மீனைக் கோணியில் சுருட்டி, உருளைக்கிழங்கு வாங்கிவருகிற முகத்தோடு நடந்தார்கள். புதிதாக வந்திருந்த பல் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். அவர் பாவம், முப்பத்திரண்டு என்றதும் ஜன்னலைக்கூடத் திறக்காமல் இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

காத்தக்கா ஒன்பது மணிக்கு டிபனோடு வீட்டுக்கு வருவாள். கேப்டன் கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்தபடி இருப்பார். "காத்து நிக்கவே மாட்டேங்குது, பாருங்க," என்பாள் அவர் முகத்தைப் பார்க்காமல். "ம்," என்பார் அவர். கட்டின புருஷனையும் ஊரையும் சேர்த்து ஏமாற்றுகிறோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் அவர் உயிரோடு, கண்ணெதிரே, இட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது போதும் அவளுக்கு.

ஐந்தாவது முறை முப்பத்திரண்டு சொன்ன காலையில், மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. கடையை ரீல்காரரிடம் விட்டுவிட்டு ஆறரைக்கே வீட்டுக்குத் திரும்பினாள். கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். பின்கட்டைத் தாண்டிப் பன்னிரண்டு படி இறங்கினால் கழிமுகம். படகு அங்கேதான் இருந்தது. அசையாத தண்ணீரில், இளமஞ்சள் வெளிச்சத்தில், கனவில் வருகிற படகாக நின்றது. கேப்டன் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க! ஐயோ, இறங்குங்க முதல்ல!"

"கத்தாத. கயித்தப் பாரு."

பார்த்தாள். கயிறு முளையில் கட்டியது கட்டியபடி இருந்தது.

"எத்தன நாளா இது?"

"முதல் தடவை முப்பத்திரண்டுன்னு சொன்னியே, அன்னிலேருந்து. அன்னிக்கு ஜன்னல்ல திரை அசையல, எந்திரிச்சு வந்தேன். அப்புறம் திரையப் பார்க்கிற வேலையே இல்ல." அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "நெஜமா அடிக்கிற நாள்ல இருபத்தேழும்ப, நாப்பத்தொண்ணும்ப. பொய் சொல்ற நாள்ல மட்டும் ஒரே முப்பத்திரண்டு. பதினோரு வருஷம் உண்மையாவே பேசினா இதுதான் கதி. ஒரு பொய்யக்கூட மாத்திச் சொல்லத் தெரியல உனக்கு."

அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது. "தெரிஞ்சுமா போகாம இருந்தீங்க?"

கேப்டன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"கயித்த அவுக்கக் கை வரமாட்டேங்குது," என்றார். "கண்ணு முழிச்சப்ப அந்த நாலு பேர்ல ஒருத்தரு அழுதுட்டிருந்தாரு. நரைச்ச மனுஷன், தேம்பித் தேம்பி அழுதாரு. எனக்குப் பயமா இருக்குடி. நீ பொய் சொன்னப்ப எனக்குக் கோவமே வரல. அப்பாடான்னு இருந்துச்சு. காத்து மேல பழியப் போட்டுட்டுப் படுத்துக்கலாம் இல்ல? ஆனா ஒரு இன்ஜின் சத்தமும் கேக்கல. எனக்காக எல்லாரும் படகக் கட்டிப் போட்டிருக்காங்க. அதைத் தாங்க முடியல."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அவள் கேட்டதில்லை. படகில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்போனை எடுத்தாள்.

"காத்தக்கா பேசறேன். கொஞ்ச நேரம் முன்னால சொன்னது பொய். காத்து ஏழு. தண்ணி இருபத்திநாலு, அடிக்கல்லு தெரியுது. இதோட அஞ்சு பொய் சொல்லிட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு. மன்னிச்சுக்குங்க."

பதிவுப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கும் முன் கேப்டன் கை நீட்டி வாங்கினார். தொண்டையைச் செருமினார். மூன்று மாதமாக ஊர் கேட்காத குரல்.

"கேப்டன் பேசறேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு. என் படகு இந்தக் குளிருக்கு வராது. அடுத்த குளிருக்கு வருமான்னு தெரியாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீங்க எதுக்குக் கட்டிப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க? ரெண்டு நாள்தான் நிக்கும். போயிட்டு வாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, கழிமுகத்துக்கு அப்பால் ஓர் இன்ஜின் இருமிக் கிளம்பியது. பிறகு இன்னொன்று. கேப்டன் சத்தத்தை வைத்தே இது யாருடையது, அது யாருடையது என்று விரல்விட்டு எண்ணினார். ஏழுவரை எண்ணினார். எட்டாவதில் குரல் உடைந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மீதியை அவள் எண்ணினாள்.