செயலற்றவர்

அந்தத் திங்கட்கிழமை வேன் பாலமுனைக்குப் போகவில்லை. போகவேண்டும் என்பதே றாபியாவின் நினைவில் இல்லை.

நிந்தவூரில் சிறுநீரக நோயாளர்களுக்காக ஒரு தொண்டர் சங்கம் இருந்தது. கல்முனைக்கு டயலிசிஸ் செய்யப் போகிறவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, முடிந்ததும் அதே வாசலில் இறக்கிவிடுவார்கள். கணித ஆசிரியையான றாபியாதான் செயலாளர். யாரை என்றைக்கு ஏற்றவேண்டும் என்பதையெல்லாம், தொண்டு அமைப்புகளுக்கு வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இலவசமாகக் கொடுத்த செயலியில் பதிந்து வைத்திருந்தாள். அதைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். சனிக்கிழமை திறந்தபோது, இலவசச் சேவை நிறுத்தப்பட்டுவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் வந்தது. கம்பனிக்கு எழுதினாள். பதில் வரவில்லை.

சாரதி றஸாக்குக்கு வழமையான வீடுகள் தெரியும். ஆனால் அந்த வாரம் சிலருடைய டயலிசிஸ் முறை நாட்கள் மாறியிருந்தன. அந்த மாற்றங்கள் செயலிக்குள்ளே மட்டும்தான் இருந்தன. நினைவில் நின்றவர்களுக்கு அவள் அழைத்துச் சொன்னாள். புதனிலிருந்து திங்களுக்கு மாறிய பாலமுனை அப்துல் ஹமீடை மறந்துபோனாள்.

செவ்வாய்க்கிழமை அவர் மவுத்தாகிவிட்டார்.

அவருடைய மனைவி ஸாலிஹா கணவனை இழந்த துக்கத்தில் தனித்து இத்தா இருந்த அறைக்குள் றாபியா தனியாகப் போனாள். என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்து வந்திருந்தாள். ஆனால் பாயில் உட்கார்ந்ததும் ஸாலிஹாதான் முதலில் கதைத்தார்.

“விடிய சுபஹ் தொழுதிட்டு, சட்டையும் போட்டுக்கிட்டு, கேற்றடியில கதிரையப் போட்டு இரிந்தாரு, மகள். போன் பண்ணிப் பாருங்களன் எண்டன். ‘அவங்க சும்மா செய்ற ஆக்கள், கரைச்சல் குடுக்கப்படா. வருவாங்க’ எண்டாரு. பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லியும் எழும்பல்ல. பின்னேரம் அசருக்குப் பிறகு மூச்சு வாங்கத் தொடங்கிச்சி. ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனம். அதுக்குள்ள பிந்திப் போயிட்டு.”

“என்ட பிழதான். என்ன மாப்புச் செய்ங்க,” என்றாள் றாபியா.

“உங்களுக்கு ஏசோணும் எண்டுதான் இரிந்தன். இப்ப வாயில வருகுதில்ல.” ஸாலிஹா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னொரு வீட்டு மனிசன் இப்பிடிப் பாத்துக்கிட்டு இரிக்கப்படா. அதச் செய்ங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது, ‘சும்மா செய்ற ஆக்கள்’ என்ற சொல் அவளை விடவில்லை. சும்மா கிடைப்பதால் அவர் கேட்கக் கூசியிருக்கிறார். சும்மா கிடைத்ததால்தான் தானும் அந்தக் கம்பனியை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அதன் கையில் கொடுத்திருக்கிறாள். ஒலுவில் கடந்து வயல்வெளி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் வேறொரு கம்பனியின் இலவசச் செயலியைச் சொன்னார். றாபியா மறுத்துவிட்டாள். கடைத்தெருவில் கணினி திருத்தும் ஹிஷாமும் சங்கத்தில் ஓர் உறுப்பினன்.

“கட்டற்ற மென்பொருள் ஒண்டு இரிக்கி டீச்சர். ஆஸ்பத்திரி, தொண்டு சங்கம் எண்டு கனபேர் பாவிக்காங்க.”

“அதுவும் சும்மாதானே தம்பி?”

“காசில்லாதது வேற, கட்டில்லாதது வேற. இத எங்கட கணினியிலயே போடலாம். உள்ளுக்குள்ள திறந்து பாக்கலாம், மாத்தலாம், ஆருக்கும் கொப்பி பண்ணிக் குடுக்கலாம். செஞ்சவங்க நாளைக்கி விட்டுட்டுப் போனாலும் எங்கட கையில இரிக்கிறத ஆரும் பூட்டேலா.”

சொன்னதுபோல எளிதாக இருக்கவில்லை. சங்க அறையின் பழைய கணினி அடிக்கடி நின்றது. திரை அவலட்சணமாக இருந்தது. றஸாக் ஒருநாள் கோபத்தில் சாவியை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போனார். ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் திரும்பக் கேட்டுத்தான் விவரங்களைச் சேர்க்க முடிந்தது. முறைக்கு முந்திய பின்னேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் சங்கமே அழைக்கவேண்டும் என்று றாபியா ஒரு வழக்கம் வைத்தாள். வாரங்கள் போகப்போக எல்லாம் ஒரு சீருக்கு வந்தது.

அப்துல் ஹமீடின் பெயரை அவள் கடைசியாகத்தான் பதிந்தாள். இனி வேனில் வராதவர்களுக்கென்று அந்த மென்பொருளில் ஓர் அடையாளம் இருந்தது. எங்கோ இருந்து யாரோ செய்த தமிழாக்கத்தில் அது ‘செயலற்றவர்’ என்று இருந்தது. அவள் அதை அழுத்தாமல் ஹிஷாமைக் கூப்பிட்டாள்.

“இந்தச் சொல்ல மாத்தலாமா, ஹிஷாம்?”

“மாத்தலாம். என்னெண்டு போடோணும்?”

“மவுத்தானவர்.”

அவன் சொற்கள் இருந்த கோப்பைத் திறந்து கொடுத்து, எந்த வரி என்று காட்டிவிட்டு எழுந்துகொண்டான். அவளே எழுதினாள். பிறகுதான் அவருடைய பெயருக்கு நேரே அடையாளமிட்டாள். கைகளை ஏந்தி அவருக்காகத் துஆ கேட்டாள்.

மாரி முடிந்த பிறகு, நற்பிட்டிமுனையில் இருந்து கனகரெத்தினம் என்பவர் வந்தார். அவருடைய ஊரிலும் இப்படி ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். மென்பொருளின் ஒரு பிரதி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இதுக்கு என்னத்துக்கு யோசிக்கிறீங்க? கொண்டு போங்க,” என்றாள் றாபியா. யாருடைய பெயரும் இல்லாமல் மென்பொருளை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து, எப்படிப் பதிவது என்று திரையில் காட்டினாள். ‘மவுத்தானவர்’ என்ற சொல்லில் அவருடைய கண் நின்றது.

“பிள்ள, குறை நினைக்கப்படாது. எங்கட ஆக்களுக்கு இத மட்டும் ‘காலமானவர்’ எண்டு மாத்தலாமோ?”

“ஓம், மாத்துங்க. அது உங்கட சாமான். கேக்கவே தேவல்ல.”

“ஏன் கேட்டனெண்டா,” அவர் கண்ணாடியைக் கழற்றினார், “எங்கட சங்கத்தில நான் முதல்ல பதியப்போறது என்ட மனிசிட பேர். போன வருசம் போயிட்டா. அவவுக்குப் பிறகுதான் இந்தச் சங்கத்தையே தொடங்கினன்.”

றாபியா எழுந்து தன்னுடைய கதிரையை அவருக்குக் கொடுத்தாள். பென் டிரைவில் இருந்த பிரதியைத் திறந்து, எழுதவேண்டிய இடத்தைக் காட்டினாள். அவர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். அவள் உதவப் போகவில்லை. எழுதி முடியும்வரை பக்கத்தில் நின்றாள்.