ஜி வரிசையில் உப்பு

செவ்வாய்க்கிழமை பின்னேரம் பிரியந்தினி கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் சரி அடையாளம் போட்டாள். வியாழக்கிழமை பின்னேரம் அந்த அடையாளத்தால் ஓர் உயிர் போகப் பார்த்தது. இடையில் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும்.

ஒட்டுசுட்டானில், ஹாஜியார் என்று எல்லோரும் கூப்பிடுகிற கலந்தர் முதலாளிக்குப் பெரியதொரு மொத்த வியாபாரக் களஞ்சியம். அதற்கு மென்பொருள் பூட்டிக் கொடுக்க வவுனியாக் கம்பனி ஒன்று அவளை அனுப்பியிருந்தது. வந்த சாமானை எங்கே வைப்பது, விற்ற சாமானை எங்கிருந்து எடுப்பது என்பதையெல்லாம் இனி மென்பொருள் சொல்லும். கையிலுள்ள போனில் 'ஏ-2' என்று வந்தால் ஏ வரிசையின் இரண்டாம் றாக்கைத் தட்டு, அவ்வளவுதான். இருபத்தாறு வயதுக்குள் நான்கு களஞ்சியங்களை ஒழுங்குபண்ணியவள் என்ற மிதப்பு அவளுக்குக் கொஞ்சம் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

எந்தச் சாமானுக்கு எந்த இடம் என்று சொல்லிக் கொடுத்தவள் கைருன்னிஸா. பதினொரு வருசமாக அந்தக் களஞ்சியம் அவள் சொற்படிதான் நடந்தது. முதல்நாளே அவள் பிரியந்தினியைக் காட்டுப் பக்கத்துச் சுவரடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இடுப்பளவுக்குக் கல், அதற்கு மேல் வெறும் தகரம்.

"இந்த ஜி வரிசையில சீமெந்தும் பெயின்ரும் மட்டும்தான் தங்கச்சி. உப்பு, அரிசி எல்லாம் றோட்டுப் பக்கம். மறந்தும் உப்பை இங்க வைக்கப்படாது. யானை மணந்து பிடிச்சு வந்திடும்."

பிரியந்தினி கவனமாக எழுதிக்கொண்டாள். உப்புக்கு ஏ-2 என்று நிரந்தர இடமும் கொடுத்தாள். சோதித்துப் பார்க்கும்போதுதான் தொல்லை வந்தது. ஏ-2 நிரம்பினால் 'இடமில்லை' என்று சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு மென்பொருள் அப்படியே நின்றது. ஒரு தரமா, இரண்டு தரமா? முதலாளி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மகள், உங்கட பெட்டி என்னை விடக் கெதியாக் களைச்சுப் போகுது."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு முகம் சுட்டது. 'நிரந்தர இடம் நிரம்பினால் எந்த வெற்றிடத்திலும் வை' என்ற பெட்டியில் சரி போட்டாள். கீழே இன்னொரு பெட்டி, 'மேலதிகமாக வைத்ததை முதலில் எடு'. அதிலும் போட்டாள். சிவப்பு எழுத்து போய்விட்டது. ஜி வரிசைக்கு மட்டும் விலக்கு ஒன்று போட வேண்டும், நாளைக்குப் போடலாம் என்று நினைத்தாள். பிறகு மறந்துபோனாள்.

புதன்கிழமை முழுதும் கைருன்னிஸாவோடு மல்லுக்கட்டல். "என்ர களஞ்சியத்தில எது எங்க கிடக்கெண்டு இந்தப் போனே எனக்குச் சொல்லித் தாறது?" என்று அவள் சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. போன் சொல்லுகிறபடி செய்யாதவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிரியந்தினியும் தன் பங்குக்குத் தலையாட்டினாள்.

வியாழன் காலை மென்பொருள் ஓடத் தொடங்கியது. மூன்றாம் நாளாக விடாத மழை. மத்தியானம் உப்பு லொறி வந்தபோது கைருன்னிஸா சாப்பிடப் போயிருந்தாள். மூட்டை இறக்குகிற நாட்டாமைகள் போன் காட்டிய இடங்களில் அடுக்கிவிட்டுத் தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு, முற்றத்துக்கு இந்தப் பக்கம் இருந்த ஒபிஸ் அறையில், அன்றைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்த பிரியந்தினியின் விரல் ஓரிடத்தில் நின்றது.

'உப்பு, 48 மூட்டை, ஜி-4.'

சீமெந்து விற்றுத் தீர்ந்து ஜி-4 வெறுமையாகக் கிடந்திருக்கிறது. ஏ-2 நிரம்பியதும் மென்பொருள் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

'கைருன்னிஸா, ஜி-4, எடுக்கிறார்.'

நாளைய லொறிக்கான சாமானை ஐந்தரைக்கு எடுக்கத் தொடங்க வேண்டும் என்ற நேரத்தையும் பிரியந்தினிதான் போட்டிருந்தாள்.

ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று எழும்பியவள் யன்னலால் பார்த்தாள். கால் அப்படியே நின்றுவிட்டது. முற்றத்தில் யானை நின்றது.

மழை இருட்டில் முதலில் அது ஒரு மண்மேடாகத்தான் தெரிந்தது. பிறகு அந்த மேடு நடந்தது. சூரியக் கலத்தில் ஓடுகிற மின்வேலி மூன்று நாள் மழையில் செத்துக் கிடந்தது. யானை அவசரப்படவில்லை. தும்பிக்கையை உயர்த்தி, காற்றை ஒருதரம் இழுத்து, களஞ்சியத்தின் பின்மூலையைப் பார்த்து நடந்தது. முற்றத்துப் பக்கக் கதவுக்குப் போவதென்றால் அதன் முன்னால்தான் போக வேண்டும். றோட்டுக் கதவு உள்ளிருந்து தாழிட்டிருந்தது.

"அக்கா!" என்று கத்த வாயெடுத்தவளின் கையை முதலாளி இறுக்கிப் பிடித்தார்.

"சத்தம் போடாதேங்கோ மகள். இந்த மழைக்குத் தகரத்துக்குக் கீழ நிக்கிற அவாவுக்குக் கேக்காது. அதுக்குத்தான் கேக்கும்."

"அப்ப வெடியைக் கொளுத்துங்கோ!"

யானை விரட்டுகிற வெடி அலுமாரிக்குள் இருந்தது. முதலாளி எடுத்தார், கொளுத்தவில்லை. "அது வெருண்டு நேர அந்தத் தகரத்துக்குள்ள பாஞ்சுதெண்டால்? கைருன்னிஸா அங்கால நிக்கிறாவே. அவா தள்ளிப் போகாமக் கொளுத்த ஏலாது."

கைருன்னிஸாவின் சொந்தப் போன் மேசை மேல் கிடந்தது. வேலை நேரத்தில் உள்ளே கொண்டு போகக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். களஞ்சியப் போன்களில் சிம் இல்லை. அவற்றில் வருவது ஒன்றே ஒன்று, மென்பொருள் சொல்லுகிற இடம்.

பிரியந்தினி கதிரையில் விழுந்தாள். ஜி வரிசையை மூடிவிட்டால் மென்பொருள் வேறிடம் காட்டும். மூடினாள்.

'வேலை தொடங்கிவிட்டது. இடத்தை மாற்ற முடியாது.'

அதுவும் அவள் வைத்த பூட்டுத்தான். வேலைக்கு நடுவில் ஆரும் கை வைக்கக்கூடாதென்று பெருமையாக விளங்கப்படுத்தி வைத்த பூட்டு. அமைப்புகளுக்குள் போனாள். விரல் வேர்த்து மவுஸ் வழுக்கியது. கடவுச்சொல் ஒருதரம் பிழைத்தது. பூட்டை எடுத்துச் சேமித்தாள். மழை நாளின் இன்ரநெற்றில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளையாரே, பிள்ளையாரே என்று வாய் தன்பாட்டில் சொன்னது.

வெளியே யானை தகரத்தில் நெற்றியை வைத்து மெல்லத் தள்ளிப் பார்த்தது.

சேமிக்கப்பட்டது. ஜி வரிசையை மூடினாள். இனி ஏ-2, றோட்டுக் கதவடி, போன் அங்கேதான் போகச் சொல்லும். ஆனால் அவள் போவாளா? ஜி-4இல் கண்ணுக்கு முன்னால் உப்பு இருக்க, எதற்கு அங்கே என்று நின்றுவிட்டால்? புதன்கிழமைக்கு முந்திய கைருன்னிஸா என்றால் நிச்சயமாக நின்றிருப்பாள். அவள் போய்ப் போனில் அமத்தினால்தான் வரி மாறும். திரையில் அது மாறவில்லை.

'கைருன்னிஸா, ஜி-4.'

தகரம் உள்ளே வளைந்தது.

'கைருன்னிஸா, ஜி-4.'

பிறகு மழையையும் மீறி ஒரு பெரிய சத்தம். கல்லும் தகரமும் மரச்சட்டமும் ஒன்றாக உள்ளே விழுந்தன. யானையின் முன்பாதி களஞ்சியத்துக்குள் போனது. முதலாளி, "யா அல்லாஹ்" என்று நிலத்தில் இருந்துவிட்டார். பிரியந்தினிக்குத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவும் பயமாக இருந்தது. ஒரு பெண்ணைச் சாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். வேறொன்றும் அவளுக்கு நினைக்க வரவில்லை.

வரி மாறியது.

'கைருன்னிஸா, ஏ-2.'

"ஹாஜியார், அவா றோட்டுக் கதவடியில! கொளுத்துங்கோ!"

வெடி முழங்கியது. யானை பின்வாங்கி, உப்பு மூட்டையொன்றைத் தும்பிக்கையில் இழுத்துக்கொண்டே காட்டுக்குள் இறங்கியது.

கைருன்னிஸா றோட்டைச் சுற்றிக்கொண்டு ஒபிஸுக்கு வந்தாள். முழுக்க நனைந்து, ஒற்றைக் காலில் செருப்பில்லாமல். வந்தவள் பிரியந்தினியின் இரண்டு கையையும் பிடித்தாள்.

"ஜி-4இல உப்பைக் கண்ட உடனே நெஞ்சு திக்கெண்டது தங்கச்சி. படிச்ச பிள்ளை ஏதோ யோசிச்சுத்தான் வைச்சிருக்கும், எனக்கேன் கதையெண்டு பேசாம இருந்திட்டன். பிறகு போன் டிக்கெண்டு அடிச்சுது, ஏ-2க்குப் போ எண்டு. எரிச்சலோட நாலடி வைக்கேல்ல, பின்னால தகரம் விழுந்திட்டுது. ஓடிப்போய் றோட்டுக் கதவைத் திறக்கேக்கையும் இந்தப் போன் கத்திக்கொண்டே இருந்தது. அதில அமத்திப் போட்டுத்தான் வெளிய வந்தன்."

"பாத்தீங்களா," என்றார் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மெசின் காப்பாத்திப் போட்டுது."

"ஓம். நான் இதைப் பழிச்சனான். இனி இது சொல்லுற இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவன்."

இப்போது வந்த பயத்துக்கு முன்னால் யானையைக் கண்ட பயம் பிரியந்தினிக்குச் சின்னதாகப் போய்விட்டது. பேசாமல் இருந்தால் ஆருக்கும் தெரியாது. இரண்டு பேரும் அவளைக் கும்பிடாத குறை. கைருன்னிஸா இன்னும் அவள் கையை விடவில்லை. நாளைக்கும் அவள் அந்தப் போனோடுதான் உள்ளே போவாள்.

"அப்பிடிப் போகாதேங்கோ அக்கா," என்றாள். "உப்பை அங்க வைச்சது நான்தான். நீங்கள் சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்தது. ஏ-2 நிரம்பினா எங்கயும் வை எண்டு, சிவப்பெழுத்து வாற வெக்கத்தில ஒரு சரி போட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்ல."

கைருன்னிஸா அவளைப் பார்த்தபடியே நின்றாள். பிடித்திருந்த கை மெல்லக் கழன்றது.

"என்ர மகள் ஸஹ்றா, ஆறு வயசு, இண்டைக்கு என்னோட வரப்போறனெண்டு அழுதவள்," என்றாள். "மழையாக் கிடக்கெண்டு விட்டிட்டு வந்தனான். கூட்டிக்கொண்டு வந்திருந்தா ஜி-4க்குக் கீழதான் சாக்கு விரிச்சு இருத்தியிருப்பன். அங்க மட்டும்தான் மழை ஒழுக்கில்ல."