ஞானம்மா மறந்தவை

ஞானம்மா மறந்தவை எல்லாம் அவள் கணவர் சின்னதுரையின் தலைக்குள் வந்து சேர்ந்தன. முதலில் வந்தது மடவை மீன் குழம்புக்குப் புளி கரைக்கும் அளவு. இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அவள் அடுப்பின் முன்னால் கரண்டியோடு விழித்துக்கொண்டு நின்றாள். கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாதவர், எழுந்துபோய்ச் சரியாகக் கரைத்தார். அடுத்த மாதம் ஞாயிறு ஆராதனைப் பாட்டுகள் நாற்பது வந்தன. மழைக்காலத்தில் மகள் ஜெனிபரைப் பெற்ற வலி வந்து அவரை ஒரு வாரம் பாயில் போட்டது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்ற சந்தேகம் வந்தால், ஞானம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது அவரிடம் கேட்டார்கள்.

சென்னையில் பார்த்த மருத்துவர் இது வயதானால் வரும் சாதாரண மறதி அல்ல, அல்சைமர் என்ற நோய், கூடிக்கொண்டேதான் போகும் என்றார். அவள் சொல்வதை மறுத்துப் பேச வேண்டாம், தினமும் அதே நேரத்துக்குச் சாப்பாடு, அதே நேரத்துக்குக் குளியல் என்றார். போன நினைவுகள் தன்னிடம் இருப்பதாகச் சின்னதுரை சொன்னபோது, அதைக் குறிக்க மருத்துவ அட்டையில் இடமில்லை என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஒரே நாளைப் போலக் கழிந்தன. ஞானம்மா குளிக்க மறுத்தாள். தன் வளையலை ஜெனிபர் எடுத்துவிட்டாள் என்று அழுதாள். சாயங்காலம் ஆனால் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று கிளம்பினாள். கம்பெனி பஸ்கள் போகும் சாலை ஓரமாகச் சின்னதுரை பின்னாலேயே நடந்து, அவளுக்குக் கால் வலித்ததும் திருப்பி அழைத்து வந்தார். இரண்டு பேர் வாழ்ந்த வாழ்க்கையைச் சுமந்ததில் அவருக்கு முதுகு வளைந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினார்.

அப்படித் தூங்கி எழுந்த ஒரு மத்தியானம் இடது கன்னம் எரிந்தது. தொண்ணூற்று மூன்றில், சோறு ஆகவில்லை என்று அவர் அவளை அறைந்த அறை அது. அவருக்கு மறந்தே போயிருந்தது. அவள் இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறாள். கன்னம் ஐந்து விரலாக வீங்கியது.

அவள் எதிரில் போய் உட்கார்ந்தார். "ஞானம், நான் உன்ன ஒருவாட்டி அடிச்சிட்டேன். மன்னிச்சிடும்மா."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இன்னாத்துக்குண்ணா என்ன அடிக்கப்போற? நல்ல மனுசனாட்டம் கீற."

மன்னிக்க வேண்டியவளிடம் அந்த நாள் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த ஜெனிபர் கன்னத்தைப் பார்த்துக் கேட்டாள். பல் வலி என்று சொல்ல வாயெடுத்தவர் உள்ளதைச் சொன்னார். ஜெனிபர் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே, "தெரியும்ப்பா," என்றாள். "எனக்கு ஆறு வயசு. கதவாண்ட நின்னுகினு இருந்தேன்." குழாயை மூடிவிட்டு, அப்பாவுக்கும் சேர்த்து டீ போட்டாள்.

வீக்கம் வடியவில்லை. முடிவெட்டுபவர் அதைச் சுற்றிச் சவரம் செய்யப் பழகிக்கொண்டார். இப்போது ஞானம்மாவுக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். சோற்றை விழுங்கச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. ஆனால் தினமும் சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கன்னத்தைக் கவனிக்கிறாள், தேங்காய் எண்ணெய் எடுத்துவரச் சொல்லி, விரலால் மெதுவாகத் தடவுகிறாள்.

"எவன்ணா அட்ச்சான்?"

"சின்னதுரைன்னு ஒருத்தன்."

"அவன நம்ம ஊட்டாண்ட சேக்காத."

"சரிம்மா," என்று சொல்லி, அவள் தடவி முடிக்கும்வரை சின்னதுரை முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.