அக்காவை ராட்டினத்தில் ஏற்றிய நாள்

முந்தின வாரமே அவன் அந்த விளையாட்டுப் பார்க்குக்கு ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். டிக்கெட் எடுத்து உள்ளே வந்த வளர்ந்த மனுஷன், ஒரு விளையாட்டிலும் ஏறாமல், பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து எழுந்திருப்பதைப் பார்த்துக் காவலாளிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"யாரையாவது தேடுறீங்களா சார்?"

"இல்லைங்க. எங்க அக்காவைக் கூட்டிட்டு வரணும். அவங்களால ரொம்ப நடக்க முடியாது. அதான் எங்கெங்க நிழல் இருக்குன்னு பார்க்கிறேன்."

காவலாளி குரல் இறங்கிவிட்டது. மீன் தொட்டி வைத்திருக்கிற கட்டடத்தில் ஏசி உண்டு, அங்கே எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று தன் பங்குக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போனார்.

அவனுக்கு வேலை லிஃப்ட் ரிப்பேர். எதையும் முன்கூட்டியே பார்த்து வைக்கிற பழக்கம் அந்த வேலையில் வந்தது. அக்காவோ நேர் எதிர். பஸ் கண்டக்டராக இருந்தவள். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று சில்லறை கொடுப்பாள். பின் சீட்டில் தூங்குகிறவனை முன் படியில் நின்றபடியே எழுப்புகிற குரல். அந்தக் குரலைத்தான் நோய் முதலில் பிடுங்கிக்கொண்டது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து போகிறது என்றார் டாக்டர். இப்போது தோளில் ஒரு பையில் ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய். சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் ஒரு நாற்காலி போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. அவள் வீட்டுக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறார். கரைக்கு வந்தால்தான் வீடு. ஆகவே ஆஸ்பத்திரி, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் தம்பி தலையில்.

அவள் மகளுக்குப் பத்து வயது. பிறக்கும்போது கையளவுதான் இருந்தாளாம், அதனால் பட்டாணி. பெயர் அப்படியே நின்றுவிட்டது, ஆள் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். வகுப்பில் எல்லோரும் பார்க்குக்குப் போய் வந்த கதையைச் சொன்னபோது, "எனக்கு அதெல்லாம் பிடிக்காதும்மா, தலை சுத்தும்" என்று அவள் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள். அக்கா அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டாள்.

"பிடிக்காதுன்னு பொய் சொல்லக் கத்துக்கிட்டா. எனக்காக." மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னாள். "கூட்டிட்டுப் போறோம். நானும் வர்றேன்."

டாக்டர், போகலாம், அலட்டிக்கொள்ளாமல் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்.

போன அன்று பார்க் வாசலில் சக்கர நாற்காலி தயாராக இருந்தது. அவன்தான் சொல்லி வைத்திருந்தான். அக்கா அதை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் என்ன பார்சலா?"

"அக்கா, உள்ளே தூரம் ஜாஸ்தி."

அவள் அதில் உட்காரவில்லை. தண்ணீர் பாட்டில், தொப்பி, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் நாற்காலியில் வைக்கச் சொன்னாள். பிறகு தானே பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தள்ள ஆரம்பித்தாள். பார்க்கிறவர்களுக்கு யாரோ ஒரு நோயாளியின் நாற்காலியை ஒரு அம்மாள் தள்ளிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். உண்மையில் அந்தக் கைப்பிடிதான் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. முதல் திருப்பம் வரை அப்படியே வந்தாள். திருப்பத்தில் நின்றாள். உதடு குவித்து ஊதி ஊதி மூச்சை விட்டாள். பட்டாணி ஒன்றும் கேட்காமல் பைகளை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு இடத்தைக் காலி செய்தாள். அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பக்கவாட்டுக் கம்பியை இரண்டு தட்டு தட்டினாள். பஸ்ஸில் அப்படித் தட்டினால் வண்டி எடு என்று அர்த்தம். பட்டாணி சிரித்தாள், அவனும் சிரித்துக்கொண்டு தள்ளினான்.

காலைப் பொழுது நன்றாகவே போனது. மீன் தொட்டிக் கட்டடத்தில் ஒரு தட்டையான மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. "நம்ம டிப்போ மேனேஜர்" என்றாள் அக்கா. கிண்ணத்தில் சுற்றுகிறது, இன்னும் இரண்டு மூன்று விளையாட்டு என்று பட்டாணி போய் வந்தாள். ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கியதும் ஓடி வந்து அம்மா முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "போதும்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றாள். இதை மூன்றாம் முறை கேட்டதும் அக்கா ராட்டினத்தைக் கை காட்டினாள். வானத்தை முட்டிக்கொண்டு நின்றது அது. தொங்கு தொட்டில் இல்லை, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டுகள். மெதுவாகத்தான் சுற்றும்.

"அதுல நான் ஏறுறேன். இவளும் நானும்."

"நானும் வர்றேன்."

"நீ கீழே நில்லு. ஒரு சுத்து நாங்க ரெண்டு பேர் மட்டும் போயிட்டு வர்றோம்."

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். மேலே போய்ப் பெண்ணிடம் ஏதோ பேச வேண்டும் என்று நினைக்கிறாள், அல்லது பேசாமல் இருக்க வேண்டும் என்று. வரிசையில் நிற்க வைக்காமல் பக்கக் கதவு வழியாக விட்டார்கள். ராட்டினத்தை நிறுத்திக் கொடுத்தார்கள். மெஷின் பையோடு சேர்த்து மடியில் இன்னொரு பையையும் அவள் வைத்திருந்தாள். தூக்கிக்கொண்டு ஏற வேண்டாமே என்று அதை வாங்கி நாற்காலியில் மாட்டியது அவன்தான். கதவைச் சாத்தினார்கள். பட்டாணி கண்ணாடியில் மூக்கை அழுத்திக் காட்டினாள். கூண்டு மேலே போனது.

அவன் போட்டோ எடுத்தான். இரண்டு மூன்று எடுத்திருப்பான். கூண்டு உச்சிக்குப் போய், அதையும் தாண்டிக் கொஞ்சம் இறங்கிய நேரத்தில், ராட்டினம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பாட்டு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

யாரையோ ஏற்றுகிறார்கள் என்று நினைத்தான். கீழே யாரும் ஏறவில்லை. தொப்பி போட்ட பையன் ஒருவன் ராட்டினத்தை இயக்குகிற பெட்டியறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எல்லோருக்கும் பொதுவாக, "அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம்" என்றான்.

அந்த அஞ்சு நிமிஷம் எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். நின்றுபோன லிஃப்டின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவன் வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

நாற்காலியைப் பிடித்தவன் கையில் பை தட்டுப்பட்டது. திறந்து பார்த்தான். மெஷினுக்கான இன்னொரு பேட்டரி அதில் இருந்தது.

காலையிலிருந்து மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. ராட்டினத்திலிருந்து இறங்கினதும் மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தான்.

போன் செய்தான். எடுத்தது பட்டாணி.

"மாமா, நின்னுடுச்சு."

"தெரியும்டா. சரி பண்றாங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"உட்கார்ந்திருக்காங்க. மெஷின்ல சிவப்பு லைட் எரியுது."

"அதுல நம்பர் இருக்குல்ல, அதைக் குறைச்சு வை. ஒண்ணுல வை, பேட்டரி கூடக் கொஞ்ச நேரம் தாங்கும். அம்மாவைப் பேச வேண்டாம்னு சொல்லு. முன்னாடி குனிஞ்சு, முட்டி மேல கை ஊனிக்கிட்டு..."

"வச்சுட்டேன் மாமா. குறைச்சாச்சு. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே." அவள் குரல் நிதானமாக இருந்தது. பின்னால் மெஷின் விட்டு விட்டுக் கத்துவது கேட்டது. "அம்மா கையை ஆட்டுறாங்க. போனை வைக்கச் சொல்றாங்க."

"வைக்காதே பட்டாணி, அப்படியே..."

வைத்துவிட்டாள். அவன் மறுபடி போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பெட்டியறைக்கு ஓடினான். பெரிய இரும்பு அலமாரியைத் திறந்து வைத்து, ஒரு பெண் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை, இடுப்பில் கருவிப் பை. இந்தப் பார்க்கின் மெக்கானிக் போலிருக்கிறது.

"மேல எங்க அக்கா இருக்காங்க. ஆக்சிஜன்ல இருக்காங்க. பேட்டரி தீரப் போகுது. நான் லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கேன், பிரேக் மாட்டிக்கிச்சா? கையால சுத்துற வழி இருக்குமே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். "எந்தக் கூண்டு?"

காட்டினான்.

"சரி. சின்ன மோட்டாரைப் போடப் போறேன். மெதுவாத்தான் வரும். நீங்க தள்ளி நில்லுங்கண்ணா."

தள்ளி நில்லுங்க. அதையும் அவன் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறான். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால் வேலை ஓடாது. கை வேகம் குறையும், கவனம் சிதறும். அது தெரிந்தவனாதலால் தள்ளிப் போய் நின்றான். கையில் பேட்டரி. அது கொஞ்சம் கனம்தான், ஒரு பெரிய சோப்புக் கட்டி அளவு. அண்ணாந்து பார்த்தால் வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. உள்ளே யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. எறிந்தால் எட்டாது, ஏறினால் விட மாட்டார்கள், கத்தினால் கேட்காது. பாட்டை நிறுத்துங்களேன் என்று தொப்பிப் பையனிடம் கேட்டான். அவன் நிறுத்தினான். நிறுத்தினதில் ஒன்றும் மாறவில்லை, மற்ற கூண்டுகளில் குழந்தைகள் அழுவது கேட்டது, அவ்வளவுதான்.

கடைசியில் ராட்டினம் முனகிக்கொண்டு நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வதற்குக்கூட உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. அக்காவின் கூண்டுக்கு முன்னால் வரிசையாக எத்தனையோ கூண்டுகள். ஒவ்வொன்றும் தரைக்கு வரும்போது நிறுத்தி ஆட்களை இறக்கினால், இவள் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. கேட்கலாமா என்று வாயெடுப்பதற்குள் மெக்கானிக் பெண் தொப்பிப் பையனிடம் சொல்லிவிட்டாள். "யாரையும் இறக்காதே. அந்தக் கூண்டு வர்ற வரைக்கும் நிறுத்தாதே."

கூண்டுகள் ஒவ்வொன்றாகத் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் மறுபடி மேலே போயின. ஒன்றில் ஒரு அப்பா, கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணாடியைப் படபடவென்று தட்டினார். முகம் சிவந்து ஏதோ திட்டினார். அவன் பேட்டரியைத் தூக்கிக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டான். அந்த மனுஷனுக்கு என்ன புரிந்திருக்கும்? அவரும் மேலே போய்விட்டார்.

கதவு திறந்தபோது அக்கா பட்டாணியின் மேல் சாய்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. கண் திறந்திருந்தது. மெஷின் கத்துவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தது. அவன் பேட்டரியை மாற்றப் போனான். நாளெல்லாம் திருப்புளியும் ஸ்பானரும் பிடிக்கிற கை, ஒரு சின்னக் கொக்கியை விலக்கத் தெரியாமல் மறுபடி மறுபடி வழுக்கியது. பட்டாணி பேட்டரியை அவனிடமிருந்து வாங்கிப் பழையதைக் கழற்றி, புதியதைத் தட்டிப் பொருத்தினாள். மெஷின் உயிர் பெற்றது.

முதலுதவி அறையில் பெரிய சிலிண்டர் இருந்தது. நர்ஸ் முகமூடி மாட்டி, விரலில் ஆக்சிஜன் அளவு காட்டுகிற கிளிப் போட்டு, எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவனும் அதையே பார்த்தான். எண் ஏறியது, நின்றது, கொஞ்சம் ஏறியது.

"இப்படியே ஏறினா பயமில்லை" என்றார் நர்ஸ். "நின்னுட்டா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடறேன். நீங்க உட்காருங்க."

அப்போதுதான் அவன் பட்டாணியைச் சரியாகப் பார்த்தான். காலையில் குதிரைவால் போட்டுக்கொண்டு வந்தவளுக்கு இப்போது ஒரு பக்கம் ஒரு சின்னப் பின்னல் இருந்தது. காதுக்குக் கீழே வரை இறுக்கமாக, ஒழுங்காகப் பின்னி, அதற்குக் கீழே அப்படியே விட்டுவிட்ட முடி.

"மேல அம்மா என்ன பேசினாங்கடா?"

"ஒண்ணும் பேசலை. பின்னி விட்டாங்க."

"இந்த நிலைமையிலயா? கையைத் தூக்கக் கூடாதுன்னு தெரியும்ல?"

"நான் சொன்னேன் மாமா. கேட்கலை." அவள் பின்னலின் அவிழ்ந்த நுனியைக் கையில் பிடித்துக்கொண்டாள். "பாதியில கை விழுந்துடுச்சு."

அவன் திரும்பி மறுபடி கிளிப்பின் எண்ணைப் பார்த்தான்.

வெகுநேரம் கழித்து அக்கா முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள். நர்ஸ் முறைத்தார். அதைப் பொருட்படுத்தாமல் தம்பியைக் கிட்டே கூப்பிட்டாள்.

"தண்ணிப் படகு ஒண்ணு இருக்கே. அதுல இவளைக் கூட்டிட்டுப் போ."

"இப்பவா? உனக்குப் பைத்தியமாக்கா? நான் எங்கேயும் போகலை."

"சின்னப் பிள்ளை தனியா போனா விட மாட்டாங்க. பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கணும்."

"வேண்டாம்மா" என்றாள் பட்டாணி.

அக்கா அவளைப் பார்க்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள். "நான் படுத்துட்டேன், அதனால வீட்டுக்கு வந்துட்டோம்னு..." மூச்சு முட்டியது. நிறுத்தி, சேர்த்து, மறுபடி தொடங்கினாள். "அப்படி இவ இந்த நாளை ஞாபகம் வச்சுக்கக் கூடாது. போங்க."

எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவன் ஒரு வார்த்தை பேசினால் அவள் இரண்டு வார்த்தை பேசுவாள், அந்த இரண்டு வார்த்தைக்கு அவளிடம் மூச்சு இல்லை. அதனால் எழுந்தான். நர்ஸிடம் தன் நம்பரைக் கொடுத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் கொடுத்தான்.

படகில் அவனும் பட்டாணியும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். தொடை மேல் ஒரு இரும்புக் கம்பி வந்து படிந்து பூட்டிக்கொண்டது. போனை நனையாமல் ஒரு பெட்டியில் போட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். படகு சங்கிலியைக் கவ்விக்கொண்டு கடகடவென்று மேட்டில் ஏறியது. முதலுதவி அறை எந்தப் பக்கம் என்று அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மரங்கள் மறைத்தன. பட்டாணி அவன் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். பயத்திலா, அவனைத் தேற்றவா, தெரியவில்லை. உச்சியில் படகு ஒரு கணம் தயங்கியது. பிறகு விழுந்தது. பட்டாணி கத்தினாள், சுற்றி இருந்த எல்லோரும் கத்தினார்கள், அவனும் கத்தினான். தண்ணீர் சுவராக எழுந்து மேலே விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டபோது எது தண்ணீர், எது மற்றது என்று அவனுக்கே பிரிக்கத் தெரியவில்லை. பட்டாணி சிரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அம்மா முகத்தைத் தேடாமல் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஓடி வந்தார்கள். அறை வாசலில் நர்ஸ் உதட்டில் விரல் வைத்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கிளிப்பில் எண் நின்றிருந்தது, ஆனால் நல்ல இடத்தில் நின்றிருந்தது. இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்ததால், தரை ஈரமாகுமே என்று உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். எழுந்ததும் படகைப் பற்றிக் கேட்பாள், விவரமாகச் சொல்ல வேண்டும் என்று பட்டாணி முணுமுணுத்து ஒத்திகை பார்த்தாள். எவ்வளவு உயரம், யார் யார் கத்தினார்கள், மாமா எப்படிக் கத்தினார் என்று.

அன்று சாயங்காலம் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வீட்டுக்குத்தான் வந்தாள். காரில் பின் சீட்டில் மகள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தாள். அவன் முன்னால் ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் கண்ணாடியில் அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். அதைத் தவிர அவன் செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.