மச்சான் வீட்டுச் சுவரில் ஒரு கறை

பகல் முழுக்க அடுத்தவர் பல்லில் கறை எடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அட்டைச் சுவரில் கறை ஏற்றுகிற மனுஷனை என்னவென்று சொல்வது? பல் டாக்டரின் மனைவி பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

சாப்பாட்டு மேஜை முழுவதையும் அவருடைய குட்டி ரயில் வளைத்துப் போட்டிருந்தது. ஸ்டேஷன், சரக்குக் கிடங்கு, பின்னால் ஒரு தெரு, எல்லாமே அவர் கைவேலை. அட்டையில் சுவர், தீக்குச்சியில் ஜன்னல் சட்டம், ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சை அடித்தால் மரம். ஆனால் கட்டி முடித்த பிறகுதான் உண்மையான வேலையே என்பார். புதுசாக நிற்கிற கட்டடம் பொம்மை. அதில் வெயிலும் மழையும் பட்டது தெரிந்தால்தான் வீடு. அதனால் கரித்தூளைப் பிரஷ்ஷில் தொட்டுக் கூரையில் புகை படிய வைப்பார். ஜன்னல் கம்பிக்குக் கீழே துரு வழிய விடுவார். வீட்டில் இருப்பவர்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கடைசியில் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு மேஜை வேணும். இல்லேன்னா இதெல்லாம் பெட்டிக்குள்ள போயிடும், பெட்டி பரண்மேல போயிடும். சொல்லிட்டேன்."

பரணில் ஏறிய எதுவும் அந்த வீட்டில் திரும்பி இறங்கியதில்லை. டாக்டருக்கு இருந்த ஒரே வழி மனைவியின் அண்ணன். அவர் வீட்டு மாடி அறை காலியாகக் கிடந்தது.

அந்த அண்ணனோ சுத்தத்துக்கென்றே பிறந்தவர். தங்கை வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டுவார். விரலில் ஒட்டின தூசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

அவரைக் குளிர வைக்க, அவர் வீட்டையே அச்சு அசலாகச் செய்து ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார் டாக்டர்.

"தயவுசெஞ்சு அதுல மட்டும் அழுக்கைப் பூசாதீங்க. அண்ணனுக்கு ஆகாது" என்றாள் மனைவி.

"பூசல, பூசல" என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். வழக்கம்போல விரலை ஓட்டினார், காட்டினார். பிறகு மேஜைக்கு வந்தவர் தன் வீட்டைப் பார்த்து அப்படியே பூரித்துப்போனார்.

"மாப்பிள்ளை, இந்தத் தெருவிலேயே என் வீடுதான்யா பளபளன்னு இருக்கு! மாடி ரூம்தானே வேணும்? எடுத்துக்கோங்க." சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அத்தோடு டாக்டர் சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? கிழட்டு வாயில் ஒற்றைப் புதுப் பல் வைத்த மாதிரி அந்த வீடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க அவருக்குக் கை அரித்தது. மாடிக் குளியலறைக் குழாய்க்குக் கீழே ஒரே ஒரு கோடு, யாருக்குத் தெரியப்போகிறது? பிரஷ்ஷை எடுத்தார். கோடு போட்டதும் ஜன்னல் விளிம்பு வெறிச்சென்று தெரிந்தது. அங்கேயும் கொஞ்சம் கரித்தூள். பின்சுவரில் பாசி மாதிரி ஒரு தீற்றல் பச்சை. அடடா, இப்போதுதான் வீட்டுக்கு உயிரே வந்தது!

அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். ஆசையாகக் குனிந்தார். பழக்கதோஷம், குட்டி ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டினார். விரல் கன்னங்கரேல் என்று வந்தது.

"இது என்ன மாப்பிள்ளை?"

"அழுக்கு, மச்சான்."

"என் வீட்டுலயா?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பொய் வராது. "குழாய்க்குக் கீழ கறைகூட இருக்கே மச்சான். பின்பக்கம் போய்ப் பாருங்க, பாசி பிடிச்சிருக்கு."

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

டாக்டர் தானே பெட்டியைக் கொண்டுவந்து, முதலில் ஸ்டேஷனைத் தூக்கினார். இத்தனை நாள் உழைப்பை ஒரு பிரஷ் கோட்டில் தொலைத்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மனைவி கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு வந்தாள். அண்ணன் வீட்டு ஜன்னலில் விரலை ஓட்டி, கரி ஒட்டின விரலைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முதலில் தோள் குலுங்கியது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அந்த ஸ்டேஷனை இருந்த இடத்துல வைங்க" என்றாள்.

"அப்ப மேஜை?"

"மடியில வச்சுச் சாப்பிட்டா இறங்காதா என்ன?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தப் பாசிக் கறையை இன்னும் கொஞ்சம் கீழ இழுங்க. மொட்டை மாடியில ஒரு கொடி கட்டி, அவரோட ஓட்டை பனியனையும் தொங்க விடுங்க."