மழைக்குப் பிறகும் மூடிய இலை

1

இந்தக் கதை என் தங்கை வேதவதியால் எனக்கு வந்தது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் தாவரவியல் கற்பித்தாள். 1966-ல் மழை பொய்த்தபோது, வாடும் சோளத்துக்குள் என்ன நடக்கிறதென்று பார்க்கக் கிளம்பிவிட்டாள். சனிக்கிழமைதோறும் ஸ்ரீரங்கத்திலிருந்து மருங்காபுரிக்கு பஸ் பயணம். துணைக்கு நான். கதை எழுதுகிறவனும் வேலையில்லாதவனும் எங்கள் வீட்டில் ஒன்றுதான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘வானம் வெறித்துக் கிடந்தது. மண் ஏங்கி ஏங்கி...’

அடித்துவிட்டேன். மண் ஏங்கியதை நான் பார்க்கவில்லை. வள்ளிக்கண்ணுவைப் பார்த்தேன்.

2

அந்தச் சோளக்காடு அவளுடையது. புருஷன் அழகர்சாமி, பயிர் வாடத் தொடங்கியதும் திருவெறும்பூரில் தொழிற்சாலைக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். மாசம் முடிய வருகிறேன் என்று சொன்னவன் வரவில்லை.

வேதவதி இலைகளைக் கிள்ளிக் குப்பியில் போடுவதை வள்ளிக்கண்ணு பார்த்துக்கொண்டே நிற்பாள்.

“பயிரு செத்துருச்சா டீச்சர்?”

“இல்லம்மா. இலையில கண்ணுக்குத் தெரியாத வாய் நிறைய இருக்கு. அதையெல்லாம் மூடிண்டிருக்கு. உள்ள இருக்கற தண்ணி வெளியில போகக்கூடாதுன்னு.”

“வாய மூடிக்கிட்டா சாப்பாடு?”

“அதுவும் இறங்காது. காத்துலேர்ந்துதான் அது சாப்பாடு பண்ணிக்கணும். பட்டினி கிடந்து உசிரைப் பிடிச்சுண்டிருக்கு.”

வள்ளிக்கண்ணு சுருண்டிருந்த ஓர் இலையை விரலால் பிரித்தாள். விட்டதும் அது மறுபடி சுருண்டுகொண்டது.

[‘மூடு’ என்று இலைக்குச் சொல்வது எது? செடிக்குள் ஊறும் ஏதோ ஒரு சுரப்பு என்று வேதவதி சந்தேகித்தாள். மூன்று வருஷம் கழித்து, வாடிய கோதுமை இலையில் அப்படியொன்று பெருகுவதை வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைப் படித்த அன்று அவள் சாப்பிடவில்லை. அந்த ஏக்கத்தை எழுத இந்தக் கதையில் இடமில்லை.]

3

ஒருநாள் வள்ளிக்கண்ணு என்னிடம் வந்தாள். “ஐயா, திருவெறும்பூர் உங்க பக்கந்தானே? அவர ஒரு எட்டு பாத்துட்டு வர்றீங்களா?”

போனேன். செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் அழகர்சாமியைக் கண்டுபிடித்தேன். மெலிந்திருந்தான்.

“சோளம் நிக்குதாங்க?” என்றான். “மாட்ட உள்ள விட்றவேணாம்னு சொல்லுங்க. வாடுன சோளத்துல விஷம் ஏறிப்போயிருக்கும், மாட்டக் கொன்னுரும்.”

அப்படியே வந்து சொன்னேன்.

“அது எனக்குத் தெரியாதாக்கும்” என்றாள் வள்ளிக்கண்ணு. பிறகு, “வேற ஒண்ணும் கேக்கலியா?” என்றாள்.

“இல்லம்மா.”

[ஒரு பிரதியில், ‘உடம்பைப் பாத்துக்கச் சொன்னார்’ என்று நான் பதில் சொல்வதாக எழுதியிருந்தேன். அவள் முகம் மலர்வதாகவும். நடந்தது அதுவல்ல. தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தழை ஒடிக்கப் போனாள்.]

4

மழை ஒரு வியாழக்கிழமை கொட்டியது. சனிக்கிழமை நாங்கள் போனபோது சுருண்ட இலைகள் விரிந்திருந்தன. அழகர்சாமி வரப்பில் நின்றான். முந்தின நாளே வந்துவிட்டானாம்.

வேதவதி இலைமேல் பசை தடவி, காய்ந்ததும் அதை உரித்து, அதில் பதிந்த அச்சை நுண்ணோக்கியில் பார்த்தாள். “வாயெல்லாம் இன்னும் சரியாத் திறக்கலை.”

“அதான் தண்ணி வந்துருச்சுங்களே?” என்றான் அழகர்சாமி.

“வந்துடுத்து. ஆனா வாடினபோது உள்ள ஊறினது இன்னும் அடங்கலையோ என்னவோ. சில நாள் ஆகும்.”

அவன் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னான். “இவளும் எங்கூட பேச மாட்டேங்குறாங்க. சோறு போடுறா, தண்ணி வெக்கிறா, பேச்சு இல்ல. மழை பேஞ்சுதுன்னு கேட்டதும் ஓடியாந்தேன்.”

களை பறித்துக்கொண்டிருந்த வள்ளிக்கண்ணு நிமிரவில்லை. வேதவதியைப் பார்த்துத்தான் சொன்னாள்:

“மழைக்குத்தானே டீச்சர் வந்தாரு.”

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், இலைகள் திறந்த காலையில் அவளும் பேசினாள். மற்றொன்றில், அவன் திரும்பவும் திருவெறும்பூர் பஸ் ஏறினான். வேதவதி இரண்டையும் படித்தாள்.

“மனுஷாளைச் செடியாக்காதேண்ணா. செடிக்குக் கோபம் கிடையாது. தண்ணி வந்தா எப்பவோ திறந்துடும். அவளுக்கு அப்படி என்ன கட்டாயம்?”

ஆகவே இரண்டும் வேண்டாம். நான் பார்த்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். வறட்சி முடிந்ததால் ஆய்வும் முடிந்தது. நாங்கள் மறுபடி மருங்காபுரி போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். வள்ளிக்கண்ணு கஞ்சி கொண்டுவந்து எதிர்ப்பக்க வரப்பில் வைத்தாள். வைத்ததும் போய்விடாமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அழகர்சாமி கலயத்தைத் தூக்கியவன், குடிக்காமல் அவளைப் பார்த்தான்.

“நீ சாப்புட்டியா புள்ள?”

அவள் தலை நிமிர்ந்தது. உதடு அசைந்தது போலவும் இருந்தது. அதற்குள் பஸ் குறுக்கே வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை.

படிக்கிற நீங்கள் ஏறவில்லையே. அங்கேதானே நிற்கிறீர்கள். என்ன சொன்னாள்?